‘செட்’ ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

கேள்வி: ஐயா, நாங்கள் பாம்பனில் தலைமுறையாகக் கடல் தொழில் செய்கிறோம். மகன் கப்பல் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். அவனுடைய ஆங்கிலப் பாடநூலில் நீரோட்டத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில் ‘செட்’ என்ற சொல் வருகிறது. பம்பு செட், செட் தோசை என்று நாம் சொல்லும் செட்டும் அதுவும் ஒன்றுதானா? பொழுது சாய்வதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல் வருகிறதே?
– வாசகர் ஒருவர், பாம்பன்

பதில்: ஒலிப்பு ஒன்றாக இருந்தாலும் இவை பிறப்பால் இரண்டு சொற்கள். பம்பு செட், மைக் செட், செட் தோசை ஆகியவற்றில் வரும் பெயர்ச்சொல், ‘பின்பற்றுவோர் கூட்டம்’ என்னும் பொருளுடைய ‘செக்டா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வினைச்சொல்லின் சாயல் அதில் பின்னர் கலந்தது. ‘அவன் எங்க செட்டு’ என்று நம் பிள்ளைகள் கூட்டாளியைச் சொல்வது அந்த லத்தீன் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது.

தங்கள் மகனின் பாடநூலில் உள்ளது வினைச்சொல்லின் வழியில் வந்தது. அந்த வினை, உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ என்பதன் பிறவினை. தமிழில் ‘இரு’ என்பதிலிருந்து ‘இருத்து’ என்பதும், ‘அமர்’ என்பதிலிருந்து ‘அமர்த்து’ என்பதும் பிறப்பதைப் போன்றதுதான் இது. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பு இந்த ஒரு வினைக்குச் சுமார் 430 பொருள்களைத் தருகிறது என்றாலும், ‘உரிய இடத்தில் இருத்துதல்’ என்ற கருத்தைப் பிடித்துக்கொண்டால் அவற்றுள் பலவும் தாமே விளங்கிவிடும். முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதும், சிமெண்ட் இறுகுவதும், தயிர் உறைவதும், அடைமழை பிடித்துக்கொள்வதும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குள் அடங்குகின்றன. நாமோ ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறோம். ஆகவே ‘செட்’ என்றால் தமிழில் என்ன என்று ஒற்றைச் சொல்லைத் தேடுவது வீண் முயற்சி என்றே கருதுகிறேன்.

படகு கட்டும் ஓடாவி ரம்பத்தைத் தீட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். பற்களை ஒன்று இடப்புறம், அடுத்தது வலப்புறம் என மாற்றி மாற்றிச் சற்றே வளைத்துவிடுவார். அப்போதுதான் அறுக்கும் தடம் தகட்டைவிட அகலமாக விழும். ரம்பம் மரத்துக்குள் இறுகிச் சிக்காது. அந்த வளைவுக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ என்றே பெயர்.

பொழுது சாய்வதற்கு இச்சொல் வந்த கதை அழகானது. பழைய ஆங்கிலத்தில் சூரியன் மறைவதை ‘இருக்கைக்குப் போதல்’ என்று பொருள்படும் கூட்டுச்சொல்லால் குறித்தார்கள். பகலெல்லாம் நடந்த கதிரவன் மேற்கே தன் இருக்கையில் போய் அமர்கிறான் என்பது அவர்கள் கண்ட காட்சி.

இனி நீரோட்டம். கடற்பயண நூல்களில் ‘செட்’ என்பது நீரோட்டம் எத்திசை நோக்கிப் போகிறது என்பதைக் குறிக்கும்; அதன் வேகத்துக்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயர். இங்கே தங்கள் மகன் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். காற்றுக்கு அது புறப்பட்டு வரும் திசையையே பெயராக வைப்பது தமிழிலும் ஆங்கிலத்திலும் வழக்கம். கிழக்கிலிருந்து வீசுவதால்தான் அது கொண்டல். நீரோட்டத்துக்கோ போய்ச் சேரும் திசைதான் கணக்கு. ‘செட் 090’, அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக 90 பாகை, என்று எழுதியிருந்தால் நீர் கிழக்கு நோக்கி ஓடுகிறது என்று பொருள். அதைக் கொண்டலைப் போல எண்ணிக் கிழக்கிலிருந்து வருவதாகக் கணக்கிட்டால், கப்பல் உண்மையில் கிழக்கே தள்ளப்பட்டிருக்க, அவன் வரைபடத்தில் அதை மேற்கே குறித்துவிடுவான்.