பேய்க்கும் ஒரு சட்டம் வேண்டும்: நான் பரிந்துரைக்கும் காட்டேரிப் படங்கள்

"காட்டேரிப் படங்கள், திகில் படங்கள் என்றால் எனக்கு உயிர். தவறவிடக் கூடாதவை எவை? இந்த வயதில் இதெல்லாம் பார்ப்பது சிறுபிள்ளைத்தனமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. வீட்டில் யாரோ உங்களைக் கேலி செய்திருக்கிறார்கள். மனைவியாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம். எல்லோரும் தூங்கிய பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு போனில் பார்ப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். சிறுபிள்ளைத்தனம் இல்லை ஐயா. எனக்குத் தமிழில் கதை சொல்லத் தெரிகிறது என்றால் அதற்கு ஒரு காட்டேரிப் படம்தான் காரணம்.

நான் பர்மாக்காரன். யாங்கோனுக்கு எதிரே, பாகோ ஆற்றுக்கு அக்கரையில் தன்லின் தாண்டி, தொங்குவா போகும் பக்கம் எங்கள் ஊர். தன்லின் என்றால் எங்கள் பெரியவர்களுக்குப் புரியாது, சிரியம் என்றால்தான் புரியும். சுற்றிலும் நெல்வயல். தமிழர்களும் பர்மியரும் மோன் இனத்தவரும் கலந்து வாழும் ஊர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே மின்சாரம் என்பது பேச்சளவில்தான். என் சித்தப்பா ஒரு வீடியோ கொட்டகை நடத்தினார். மூங்கில் தட்டி, தென்னங்கீற்று, தரையில் பாய், முன்னால் ஒரு டிவி, பின்னால் உறுமிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர். கேசட் யாங்கோனிலிருந்து வாடகைக்கு வரும். பிரதி எடுத்த கேசட்தானே, அது தப்பில்லையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அப்போது எங்கள் ஊருக்குப் படம் வர வேறு வழியே கிடையாது. இதற்கு மேல் அதைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை.

அப்படி வந்ததுதான் 'மிஸ்டர் வேம்பயர்'. 1985இல் வந்த ஹாங்காங் படம். ரிக்கி லாவ் இயக்கியது, சம்மோ ஹுங் தயாரித்தது. பேசுவது கான்டனீஸ் என்கிற சீன மொழி, கீழே ஓடுவது சீன எழுத்தும் ஆங்கில எழுத்தும். கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் யாருக்கும் இரண்டும் தெரியாது. பள்ளிக்கூடங்களை அரசு எடுத்துக்கொள்வதற்கு முன்பு மிஷன் பள்ளியில் சில வகுப்பு படித்தவர் என் சித்தப்பா. மத்தியானமே படத்தைத் தனியாகப் போட்டு, அந்த ஆங்கில எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்து வைத்துக்கொள்வார். ராத்திரி டிவிக்குப் பக்கத்தில் நின்று, தமிழில் ஒரு தடவை, பர்மியத்தில் ஒரு தடவை கதை சொல்வார். வசனத்தை மட்டும் சொல்ல மாட்டார். அடுத்து என்ன வரப்போகிறது என்று குரலைத் தாழ்த்தி எச்சரிப்பார். நடுவில் நிறுத்தி, "இந்த ஆளை ஏன் இப்படிப் புதைத்தார்கள் தெரியுமா?" என்று எங்களையே கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் படத்தின் உயிர். ஒரு பணக்காரர் மண்ணும் இடமும் பார்த்துச் சொல்லும் ஒரு ஜோசியரை மிரட்டி நல்ல இடத்தைப் பிடுங்கித் தன் கல்லறைக்கு வைத்துக்கொள்கிறார். ஜோசியர் பழிவாங்க, புதைக்கும் முறையையே கெடுத்து, 20 வருஷம் கழித்துத் தோண்டி வேறு இடத்தில் புதையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மகன் அப்படியே தோண்டுகிறான். பிணம் அழுகவில்லை. அதுதான் எழுந்து வருகிறது. விறைத்த கைகளை முன்னால் நீட்டி, குதித்துக் குதித்து வரும். அதற்குக் கண் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மனிதர் விடும் மூச்சை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்கும். மூச்சை அடக்கினால் தப்பிக்கலாம். நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதத்தை ஒட்டினால் அப்படியே நின்றுவிடும். சித்தப்பா "மூச்சை அடக்குங்கள்" என்றதும் கொட்டகையே மூச்சை அடக்கியது. கிழவிகள் கூட. ஒரு குழந்தை தும்மியதற்கு நான்கு பேர் திட்டினார்கள்.

அதிலும் அரிசிக் காட்சி வந்தபோது எங்கள் ஊர் கொதித்த கொதிப்பை இன்று நினைத்தாலும் சிலிர்க்கிறது. காட்டேரியின் விஷத்தை எடுக்க ஒட்டரிசி வேண்டும். பிணத்தின் நகம் பட்டவன் அந்த அரிசியின் மேல் நின்று ஆட வேண்டும், அப்போதுதான் விஷம் இறங்கும். அதை வாங்க அனுப்பிய ஆளுக்கு, வியாபாரி சாதா அரிசியைக் கலந்து கொடுத்துவிடுகிறான்! பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நெல் விளைவிப்பவர்கள். ஒட்டரிசிக்கும் சாதா அரிசிக்கும் விலை வித்தியாசம் தெரிந்தவர்கள், கலப்பட வியாபாரியிடம் ஏமாந்தவர்கள். எழுந்து நின்று கத்தினார்கள். காட்டேரியை விட்டுவிட்டு அரிசிக் கடைக்காரனைத் திட்டினார்கள். ஹாங்காங்கில் எடுத்த படம் எங்கள் களத்துமேட்டுக்கு வந்துவிட்டது.

அந்தப் படத்தில் சாமியாராக வரும் லாம் சிங்-யிங் 1997இல், 44 வயதிலேயே இறந்துபோனார். புருவம் இரண்டும் சேர்ந்திருக்கும் அந்த முகத்தை மறக்கவே முடியாது. பயம் வந்தாலும் வேலையை விடாத மனிதர். அதில் சிரிப்பும் நிறைய உண்டு. ஆனால் பிணத்தை வைத்து யாரும் சிரிக்க மாட்டார்கள், பிணம் வரும்போது எல்லோரும் ஓடுவார்கள். இது எனக்கு முக்கியம். இன்றைய தமிழ்ப் பேய்ப்படங்கள் பலவற்றில் பேயே கோமாளி ஆகிவிட்டது. பேயைத் துடைப்பத்தால் அடிக்கிறார்கள், அதனோடு ஆடுகிறார்கள். அதை ரசிப்பவர்கள் ரசிக்கட்டும், குடும்பத்தோடு சிரிக்க ஒரு படம் வேண்டும்தான். நான் தேடுவது வேறு. பேய்க்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். எதனால் வந்தது, எதற்கு அடங்கும், எந்த வாசலைத் தாண்டாது என்று படம் முதலிலேயே சொல்லிவிட்டுக் கடைசிவரை அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும். பயம் அங்கேதான் பிறக்கிறது. சத்தத்தைக் கூட்டித் திடுக்கிட வைப்பது பயமே இல்லை.

அந்தச் சட்டத்துக்காகவே ஸ்வீடன் படம் ஒன்றைச் சொல்வேன். 'லெட் த ரைட் ஒன் இன்', 2008. தோமஸ் ஆல்ஃப்ரெட்சன் இயக்கியது. ஸ்டாக்ஹோமின் புறநகரில், பள்ளியில் அடி வாங்கும் 12 வயதுப் பையன் ஒருவன். பக்கத்து வீட்டுக்குக் குடிவரும் எலி என்ற பிள்ளை இரத்தம் குடித்து வாழ்வது. காட்டேரியை வீட்டுக்காரர் "உள்ளே வா" என்று அழைத்தால்தான் வரலாம் என்பது பழைய விதி. அழைக்காமல் வந்தால் என்ன ஆகும்? மற்ற படங்கள் இதைக் காட்டாமல் நழுவிவிடும், இது காட்டுகிறது. அந்தப் பையன் விளையாட்டாக அழைக்க மறுக்கிறான், எலி அப்படியே உள்ளே காலெடுத்து வைக்கிறது. அதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்ல மாட்டேன். இரத்தத்தைப் பார்த்து ரசிப்பவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நான் அழுதேன், பயத்தால் அல்ல. பின்னால் அமெரிக்காவில் இதை மறுபடி எடுத்தார்கள். முதலில் ஸ்வீடன் படத்தையே பாருங்கள்.

மூலத்திலிருந்து தொடங்க விரும்பினால் 1922இல் வந்த ஜெர்மன் ஊமைப்படம் 'நோஸ்ஃபெராட்டு'. முர்னாவ் இயக்க, மாக்ஸ் ஷ்ரெக் நடித்தது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா'வை அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை எல்லாம் அழிக்கும்படி தீர்ப்பு வந்தது. எங்கோ தப்பிய பிரதிகளால்தான் இன்று நாம் பார்க்கிறோம். வெயில் பட்டால் காட்டேரி அழிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியதும் இந்தப் படத்தால்தான். ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடும். கிறிஸ்டோபர் லீயும் பீட்டர் குஷிங்கும் மோதும் 1958ஆம் வருஷத்து 'டிராகுலா'வும் பாருங்கள். வண்ணத்தில் அந்தச் சிவந்த கண்கள் அப்போதைய ஜனங்களை என்ன பாடு படுத்தியிருக்கும்!

பிசகில்லாமல் சொல்கிறேன், எங்கள் பக்கத்து மண்ணுக்கு மிக நெருக்கமான படம் தாய்லாந்தின் 'நாங் நாக்' (1999). போருக்குப் போன கணவன் திரும்பி வந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் வாழ்கிறான். இருவரும் பிரசவத்தில் எப்போதோ இறந்துவிட்டார்கள். ஊரே அறிந்ததை அவன் மட்டும் அறியான், சொல்ல வருபவர்களையும் நம்ப மாட்டான். பாங்காக்கில் அந்தப் பெண்ணுக்கு இன்றும் கோயில் உண்டு, பூவும் துணியும் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். பிரசவத்தில் போனவளுக்குப் பயப்படுவதும் அவளையே கும்பிடுவதும் எங்கள் ஊரிலும் உண்டு, உங்கள் ஊரிலும் இருக்கும். இதில் பேயை விரட்ட வரும் துறவி அவளோடு பேசுகிற விதத்தைக் கவனியுங்கள்.

தமிழில் இரண்டே போதும். விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009), மத்தியானம் ஓடும் ஒரு டிவி தொடரில் தன் வீட்டுக் கதையே நடப்பதைக் கண்டு மாதவன் பதறும் படம். அடுத்து மிஷ்கினின் 'பிசாசு' (2014). மகளைப் பறிகொடுத்த அப்பாவாக ராதாரவி வரும் காட்சிக்காகவே பார்க்கலாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சென்னைக்கு வந்தபோது, 'மிஸ்டர் வேம்பயர்' டிஸ்க் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர், "உங்க ஆளுங்க கடை பர்மா பஜார்ல இருக்கே, திருட்டு சிடின்னாலே பர்மாக்காரங்கதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். 1964இல் பர்மாவில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, பெரிய நோட்டுகள் செல்லாது என்றது. பல தலைமுறை உழைத்தவர்கள் கட்டியிருந்த துணியோடு கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தின் பக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த சின்னக் கடைகள்தான் அந்த பஜார். என் பெரியப்பா குடும்பம் அப்படிப் போனது, நாங்கள் இங்கேயே தங்கிவிட்டோம். படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தமில்லைதான். ஆனால் பர்மாவில் இருந்துகொண்டு தமிழில் எழுதினாலே "இவ்வளவு நல்லாத் தமிழ் எழுதுறீங்களே" என்று வியக்கிறார்கள். எங்கள் பள்ளிகள் போன பிறகு கோயில் திண்ணையில் எழுத்தையும், சித்தப்பாவின் கொட்டகையில் பேச்சையும் கற்றோம். அவர் கதை சொன்ன தமிழ், ஒரு சீனப் பிணத்தையும் எங்களுக்குச் சொந்தக்காரனாக்கிய தமிழ்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் 'மிஸ்டர் வேம்பயர்' போடுங்கள், தனியாக வேண்டாம், கேலி செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து. சப்டைட்டில் ஓடட்டும், ஆனால் நீங்களே வாயால் சொல்லுங்கள். அது பிடித்துவிட்டால் அடுத்து 'யாவரும் நலம்'. 'நாங் நாக்' வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் இப்போது வேண்டாம், அதை நான் கண்டிப்பாகவே சொல்வேன். ஸ்வீடன் படத்தைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள், நீச்சல் குளக் காட்சி சின்னவர்களுக்கு ஆகாது. 'நோஸ்ஃபெராட்டு' பல பிரதிகளாக இணையத்தில் கிடைக்கிறது, சுத்தம் செய்து வண்ணச்சாயம் சேர்த்த பிரதியாகப் பார்த்து எடுங்கள். மங்கிப்போன பிரதியில் ராத்திரி எது, பகல் எது என்றே தெரியாது. அந்தப் படத்தில் அது தெரிந்தே ஆக வேண்டும்.