முப்பத்தைந்தால் பெருக்கிப் பாருங்கள்: மாதிரிப் போர் வாகனங்கள் குறித்த கேள்வி-பதில்

1/35 அளவில், அதாவது உண்மை அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, எம்48 பேட்டன் டாங்கி ஒன்றைச் செய்து, 1965ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரின் அசல் உத்தர் போர்க்களத்தில் நிற்பது போல அமைக்கிறேன். எங்கள் வயலின் செம்மண்ணைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, பசையில் குழைத்துச் சக்கரங்களில் பூசினேன். சேறு போலத் தெரியவில்லை, ஜல்லி ஒட்டியது போல இருக்கிறது. (அரூர் வாசகர்)

உங்கள் கண் பொய் சொல்லவில்லை, அது ஜல்லிதான். வடிகட்டியின் துளை அரை மில்லிமீட்டர் என்றால், அதன் வழியே விழும் மணல் உங்கள் டாங்கியின் உலகில் பதினேழரை மில்லிமீட்டர் கல்லாகிவிடுகிறது. சல்லடையால் இதைத் தீர்க்க முடியாது, தண்ணீரால் முடியும். மண்ணை ஒரு பாத்திரம் நிறைய நீரில் கரைத்து ஐந்து நிமிடம் அசையாமல் வைத்திருந்து, மேலே கலங்கலாக நிற்கும் நீரை மட்டும் வேறொரு பாத்திரத்தில் இறுத்துவிடுங்கள். அதை ஒரு நாள் முழுவதும் தெளியவிட்டால் அடியில் படியும் வண்டல்தான் உங்களுக்குத் தேவையானது. உலர்த்தி, விரலால் நுணுக்கினால் முகப்பூச்சு மாவு போல இருக்கும்.

அதைவிடப் பெரிய பிழை நிறம். அசல் உத்தர் பஞ்சாபின் கேம்கரண் அருகே இருக்கிறது. அங்குள்ளது ஆற்று வண்டல், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தது. அரூர்ச் செம்மண்ணை அப்பிய பேட்டன், போரை நம் ஊர் மரவள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும். மேலும், அந்தப் போரில் இந்தியப் படை வாய்க்கால்களை உடைத்து வயல்களில் நீர் பாய்ச்சியதால்தான் பாகிஸ்தானின் பேட்டன்கள் சேற்றில் சிக்கின என்பதை நினைவில் கொண்டால், உங்கள் வண்டியின் மேலே வெளிறிய புழுதியும், அடிப்பகுதியில் ஈரச் சேறும் இருக்க வேண்டும் என்பது தானே விளங்கும். ஈரத்தைக் காட்ட வேறு வண்ணம் தேட வேண்டாம். அதே வண்டலைச் சற்று அடர்த்தியான பழுப்புடன் கலந்து, காய்ந்த பின் பளபளப்பான வார்னிஷைத் திட்டுத்திட்டாக வைத்தால் போதும். முதலில் வெளிறிய காய்ந்த மண், பிறகு அடர்ந்த மண், கடைசியில் ஈரம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கனத்திலும் கவனம் வேண்டும்: உண்மையில் ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள சேறு, இந்த அளவில் ஒன்றரை மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

மழை பெய்த மறுநாள் உழுதுவிட்டுத் திரும்பும் டிராக்டரை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். மண் எங்கே ஒட்டுகிறது, எங்கே உதிர்கிறது, எங்கே சக்கரம் உரசி உலோகம் மின்னுகிறது என்பதை அது காட்டும் அளவுக்கு எந்தக் கையேடும் காட்டியதில்லை என்பது என் அனுபவம். நிறத்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள்.

எம்113 கவச வாகனத்தின் விளிம்புகளில் பெயர்ந்த வண்ணமும் துருவும் காட்டியிருக்கிறேன். நண்பர் தவறு என்கிறார். (பர்கூர்)

நண்பர் சொல்வதே சரி. எம்113 வாகனத்தின் உடல் அலுமினியக் கவசத்தால் ஆனது. அதில் செந்துரு வராது. வண்ணம் பெயர்ந்த இடத்தில் மங்கிய வெள்ளிச் சாம்பல் நிறம் மட்டுமே தெரிய வேண்டும். துருவை எஃகுப் பாகங்களான சங்கிலிப் பட்டை, இழுவைக் கம்பி ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். பெயர்தலும் எல்லா விளிம்பிலும் ஒரே மாதிரி வராது. உங்கள் ஊர் கிரானைட் லாரிகளில் ஓட்டுநர் காலூன்றி ஏறும் படியும், கல் இடிக்கும் பின்பலகையும்தான் தேய்ந்திருக்கும். கூரை விளிம்பை யாரும் தொடுவதில்லை. உங்கள் வண்டி வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தைச் சேர்ந்தது என்றால், அரூர் வாசகருக்கு நான் மறுத்த செம்மண்ணைத் தாராளமாக நீங்கள் பயன்படுத்தலாம்.

டீகால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப்படம்) ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழுகிறது. டீகாலின் அடியிலும் வெள்ளி போல மினுங்குகிறது. (தர்மபுரி)

இவை இரண்டு வெவ்வேறு நோய்கள். வளையம் நம் ஊர்த் தண்ணீரின் வேலை: ஆழ்குழாய் நீரில் கரைந்துள்ள உப்புகள், நீர் ஆவியான பின் விட்டுச்செல்லும் கறை. நம் நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதை அறிந்த நாம், டீகாலுக்கு மட்டும் அதே குழாய் நீரை ஊற்றுவது வேடிக்கைதான். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் வாங்கினால் ஆண்டு முழுவதும் வரும்.

மினுக்கம் வேறு. பளபளப்பில்லாத, சொரசொரப்பான மேட் வண்ணத்தின் மேடுபள்ளங்களுக்கு இடையே சிக்கிய காற்றுதான் அப்படித் தெரிகிறது. ஒட்டுவதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து, டீகாலை மென்மையாக்கும் திரவத்தால் படிய வைத்து, எல்லாம் முடிந்த பின் மேட் வார்னிஷ் அடிப்பதே முறை. ஏற்கெனவே மினுங்கும் இடத்தில் மெல்லிய ஊசியால் நாலைந்து முறை குத்தி, அதே திரவத்தைத் தொட்டு வையுங்கள்.

சித்திரை மாதத்தில் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் வண்ணம் தூவும் கருவி) அக்ரிலிக் வண்ணம் அடித்தால் மேற்பரப்பு மாவு தூவியது போல ஆகிறது. (காவேரிப்பட்டணம்)

துளிகள் மாடலைத் தொடும் முன்பே காற்றில் உலர்ந்துவிடுகின்றன. வண்ணத்தை இன்னும் நீர்க்கக் கரைத்து, உலர்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில துளிகள் சேர்த்து, முனையை நெருக்கிப் பிடித்து, காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்க வேண்டாம்.

டர்பன்டைனில் ஆயில் பெயின்ட் கரைத்து வாஷ் (பள்ளங்களில் தேங்கி நிழல் காட்டும் நீர்த்த பூச்சு) கொடுத்தேன். மறுநாள் சக்கர அச்சுகள் உடைந்துவிட்டன. (கிருஷ்ணகிரி)

வளைவிலோ அழுத்தத்திலோ இருக்கும் பாலிஸ்டைரீன் (மாடலின் பிளாஸ்டிக்), வண்ணம் பூசாத இடத்தில் இத்தகைய கரைப்பானைக் குடித்தால் விரிசல் விடும். சங்கிலிப் பட்டை இறுக்கமாக இருந்தால் அச்சின் மேல் எப்போதும் இழுவை இருக்கும் அல்லவா? எனவே வார்னிஷ் பூச்சு முழுமையாகக் காய்ந்த பின், பட்டையை மாட்டுவதற்கு முன் வாஷ் கொடுங்கள். தேங்கிய துளியைத் தூரிகையால் உறிஞ்சிவிடுங்கள். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னரை மாடலின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். வெயிலும் அப்படித்தான்: ஏப்ரல் மாதப் பிற்பகலில் பூட்டிய காருக்குள் நான் விட்டுச்சென்ற ஒரு ஜீப்பின் பீரங்கிக் குழல், திரும்பி வந்தபோது தலை கவிழ்ந்திருந்தது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கைப்பேசிப் படத்தில் பொம்மையாகவே தெரிகிறது. (ஓசூர்)

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களுமே நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தவை. நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 1/35 அளவில் அது நாலரை சென்டிமீட்டர். உங்கள் படங்களை எடுத்தவர் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் நிற்கிறார் என்று பொருள். லென்ஸை மேசையின் மட்டத்துக்கு இறக்குங்கள், கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் இன்னும் தாழும்.

அடுத்தது தொலைவு. மிக அருகே போய் அகலக் கோண லென்ஸில் எடுத்தால், குழலின் முனை பெருத்தும் பின்பகுதி சிறுத்தும் போகும். சற்று விலகி நின்று இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். போர்ட்ரெய்ட் முறை வேண்டவே வேண்டாம்: அது ஆன்டெனாவையும் குழலையும் பின்னணி என்று எண்ணி மங்கலாக்கிவிடும். முன்புறம் கூர்மையாகவும் பின்புறம் மங்கலாகவும் இருப்பதே 'இது சிறிய பொருள்' என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தனிக் கேமரா இருந்தால் எஃப்11 அல்லது எஃப்16 வரை லென்ஸின் துளையைச் சுருக்குங்கள், அல்லது குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் இணையுங்கள்.

விளக்குகளுக்குப் பணம் செலவழிக்கும் முன் மாடிக்குப் போய்ப் பாருங்கள். காலை வெயில் தரும் ஒற்றை நிழலை மேசை விளக்குகள் இரண்டு சேர்ந்தாலும் தர முடியாது. நிழல் பக்கம் அதிகம் இருண்டால் ஒரு தெர்மாகோல் பலகையைச் சாய்த்து வையுங்கள். மேசையின் விளிம்புக்கு அப்பால் தொலைவில் தெரியும் குன்றுகள் நல்ல பின்னணி, தொட்டிச் செடி அப்படியல்ல: ஐந்து சென்டிமீட்டர் வேப்பிலை, உங்கள் டாங்கியின் பக்கத்தில் ஒன்றே முக்கால் மீட்டர் நீளத்தில் தொங்கும். எடுக்கும் முன் காற்றூதும் பந்தால் மாடலை ஒருமுறை ஊதிவிடுங்கள். உங்கள் இரண்டாவது படத்தில் டாங்கியின் சுழல்கோபுரத்தின் மேல் கிடப்பது இழுவைக் கம்பி என்றே முதலில் எண்ணினேன், பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் துண்டின் நூல் என்று தெரிந்தது.