பாகம் இரண்டு போடட்டுமா, வக்கீல் சார்?

கேள்வி: வக்கீல் சாருக்கு வணக்கம். வயது 29, திருநெல்வேலிக்காரன், வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. கம்ப்யூட்டர் என்றால் எனக்கு உயிர். சில மாதங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் இணையக் கடையில் 86,500 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். முதல் வாரமே சோதித்துப் பார்த்ததில் அதன் எஸ்எஸ்டி (தகவல்களைச் சேமிக்கும் பாகம்) ஏற்கெனவே 3,900 மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. இரண்டாம் மாதம் ஹேங் ஆக ஆரம்பித்ததும் நானே திறந்து பார்த்தேன். "ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது, வாரன்டி கிடையாது" என்று சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நடந்ததை வீடியோவாகப் போட்டேன், இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கோபத்தில் கம்பெனிக்கு ஒரு ஈமெயிலும் போட்டேன்: "3 லட்சமும் புது லேப்டாப்பும் 48 மணி நேரத்தில் வரவில்லை என்றால் பாகம் இரண்டு வரும்." இப்போது 50 லட்சம் நஷ்டஈடு, கிரிமினல் அவதூறு வழக்கு என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டதே, கருத்துச் சுதந்திரம் என்ன ஆயிற்று? நோட்டீஸை அப்படியே வாசித்துக் காட்டி பாகம் இரண்டு போடலாமா? நேற்று கம்பெனியிலிருந்தே போன் செய்து, பேசி முடித்துக்கொள்ளலாம், அக்கவுண்ட் நம்பர் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பலாமா?

பதில்: அக்கவுண்ட் நம்பரை அனுப்பாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதம் பதினோரு பக்கம். மேலே இருப்பது சுருக்கம். விண்டோஸைக் கட்டாயமாக ஏற்றி விற்பது, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி வைப்பது, ரேமை மதர்போர்டில் சால்டர் செய்து வைப்பது பற்றியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ரசித்துப் படித்தேன், பலவற்றில் எனக்கும் உடன்பாடுதான். வழக்குக்கு அவை ஒரு பைசாவுக்கு உதவாது. சர்வீஸ் சென்டர் மேனேஜர் உங்களை உட்காரச் சொல்லவில்லை என்பதும் உதவாது. வாரன்டி ஸ்டிக்கர் செல்லாது என்று நீங்கள் மேற்கோள் காட்டியிருப்பது 1975-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். இங்கே ரிப்பேர் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் ஒரு குழு போட்டது, இணையதளமும் திறந்தது. அதற்கென்று தனிச் சட்டம் வரவில்லை. ஸ்டிக்கரைக் காட்டி வாரன்டியை மறுத்தது நியாயமற்ற வணிக முறை என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாடலாம், ஆனால் அமெரிக்காவைக் காட்டி அல்ல.

66ஏ போனது 2015-இல். அடுத்த ஆண்டே, கிரிமினல் அவதூறு செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500 அவதூறுப் பிரிவுகள்தான் இன்று பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம்) 356 என்ற பெயரில் இருக்கின்றன. நீங்கள் அடிக்கோடிட்டிருக்கும் அரசியலமைப்பின் 19(1)(ஏ), அதாவது கருத்துச் சுதந்திரத்துக்குக் கீழேயே அதற்கு வரம்பு போடும் 19(2) இருக்கிறது, அதில் அவதூறு என்ற சொல்லும் இருக்கிறது.

சரி, அவதூறு வழக்கு எவ்வளவு ஆபத்து? நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. 50 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டில் அந்தத் தொகைக்கு சிவில் வழக்குப் போட 3 சதவீதக் கோர்ட் கட்டணம், அதாவது ஒன்றரை லட்சம், அவர்கள் முதலில் கட்ட வேண்டும். நோட்டீஸில் எழுதக் காசு கிடையாது. கிரிமினல் பக்கம் பார்த்தால், 356-இல் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட முடியாது. அவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும், மாஜிஸ்திரேட் வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். ஜாமீன் கிடைக்கும் குற்றம்.

வீடியோவில் எது நிற்கும், எது நிற்காது என்றும் சொல்லிவிடுகிறேன். "எஸ்எஸ்டி 3,900 மணி நேரம் ஓடியிருக்கிறது" என்பதற்கு ஆதாரம் வைத்திருக்கிறீர்கள். "இவ்வளவு கேவலமான சர்வீஸை நான் பார்த்ததில்லை" என்பது அபிப்பிராயம். நான்காவது நிமிடத்தில் "பழைய பாகத்தைத் தெரிந்தே புதுசுன்னு விக்கிறானுங்க" என்கிறீர்களே, அதில் "தெரிந்தே" என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. சப்ளையர் ஏமாற்றியிருக்கலாம், குடோனில் மாறியிருக்கலாம். 2020-இல் பாராசூட் தேங்காய் எண்ணெயை விமர்சித்த ஒரு யூடியூபரின் வீடியோவை நீக்கச் சொல்லி மும்பை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில் சில திருத்தங்களோடு வெளியிடலாம் என்று இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. ஒரு புரதப் பவுடர் கம்பெனி, விமர்சித்தவர்கள் மீது இடைக்காலத் தடை கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரலில் அந்தத் தடை மறுக்கப்பட்டது, ஏனென்றால் விமர்சித்தவர்கள் கையில் ஆய்வக அறிக்கை இருந்தது. உங்கள் கையில் இருப்பது ஸ்க்ரீன்ஷாட். ஆகவே அந்த ஒரு வாக்கியத்தை வெட்டிவிட்டால் வீடியோவின் பெரும்பகுதி தாக்குப்பிடிக்கும் என்பது என் கணிப்பு.

இப்போது அந்த ஈமெயிலுக்கு வருவோம். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் பதினோரு பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும்தான் கண்ணில் நிற்கிறது.

பி.என்.எஸ். 308-ஆவது பிரிவைத் திறந்து பாருங்கள். தலைப்பு மிரட்டிப் பணம் பறித்தல். அதன் கீழே சட்டமே சில உதாரணங்கள் தருகிறது. முதல் உதாரணம் என்ன தெரியுமா? ஒருவர் இன்னொருவரிடம், பணம் தராவிட்டால் உன்னைப் பற்றி அவதூறு வெளியிடுவேன் என்கிறார், அப்படிப் பணம் வாங்குகிறார், இது குற்றம். 1860-இன் பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து அப்படியே வரும் உதாரணம் இது. அன்று அச்சுக்கூடம், இன்று யூடியூப், அவ்வளவுதான் வித்தியாசம்.

"என் பணத்தைத்தானே கேட்டேன்" என்பீர்கள். 86,500 உங்கள் பணம். 3 லட்சம் எந்தக் கணக்கு? "48 மணி நேரத்தில் தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்" என்று எழுதியிருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. சட்டப்படி உள்ள உரிமையைப் பயன்படுத்துவேன் என்பது மிரட்டல் ஆகாது. நீங்கள் ஒரு கையில் தொகையையும் மறு கையில் வீடியோவையும் வைத்துப் பேரம் பேசியிருக்கிறீர்கள். சட்டம் சொல்லும் "தீங்கு" என்பதில் நற்பெயருக்கு வரும் கேடும் அடக்கம். அந்தத் தீங்கு சட்டவிரோதமானதாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குச் சாதகமான வாதம்தான், உண்மையைச் சொல்லும் வீடியோ சட்டவிரோதம் இல்லையே என்று கேட்கலாம். அந்த வாதம் கோர்ட்டில் எடுபடும். ஸ்டேஷன் வாசலில் எடுபடாது.

இதில் போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடலாம் என்பதுதான் அவதூறுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு. அதோடு இன்னொன்று. பணம் கைமாறாதவரை இது வெறும் அச்சுறுத்தல், 308(3), இரண்டு ஆண்டு வரை தண்டனை, ஜாமீன் உண்டு. பணம் உங்கள் அக்கவுண்டுக்கு வந்த நிமிடத்திலிருந்து 308(2), ஏழு ஆண்டு வரை, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். அக்கவுண்ட் நம்பர் கேட்டு வந்த அந்த அன்பான போனை இப்போது மறுபடி நினைத்துப் பாருங்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடு கேட்டிருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய நோட்டீஸ் நகலில் 14-ஆவது பத்தியை நீங்கள் படித்த மாதிரி தெரியவில்லை. "தங்கள் மின்னஞ்சல் தொடர்பாக எங்கள் கட்சிக்காரருக்குள்ள உரிமைகள் அனைத்தும் காக்கப்படுகின்றன" என்று ஒற்றை வரி. அதை எழுதிய வக்கீலுக்கு வேலை தெரியும். கையில் துருப்புச் சீட்டு இருக்கிறது, இப்போதைக்கு இறக்கவில்லை.

என்னிடம் வந்த ஒருவர் செல்போன் கடைக்காரரோடு இதே மாதிரி மோதினார். 40,000 ரூபாய் ஜிபேயில் வந்தது. குறிப்பில் கடைக்காரர் "வீடியோ எடுக்க" என்று தட்டியிருந்தார். வாங்கியவர் ஜெயித்துவிட்டோம் என்று நண்பர்களுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் சி.எஸ்.ஆர். (புகார் வந்ததற்கான ரசீது) போட்டு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். கட்டப்பஞ்சாயத்து மாதிரி ஆரம்பித்து எஃப்.ஐ.ஆரில் போய் நின்றது. கடைசியில் இரு தரப்பும் சமாதானம் ஆனபோதும் வழக்கு அதோடு முடியவில்லை. அவதூறு வழக்கைப் புகார் கொடுத்தவரே சமரசம் செய்து முடிக்கலாம், பணப் பறிப்பு வழக்கில் அந்த வசதி இல்லை. ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போக வேண்டியிருந்தது. அந்தச் செலவில் அவர் இன்னும் நல்ல போன் வாங்கியிருக்கலாம். அதற்குள் அவருடைய பாஸ்போர்ட் புதுப்பிப்பும் சிக்கிக்கொண்டது. நீங்கள் வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்வதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

பாகம் இரண்டு பற்றி: கூடாது. நோட்டீஸை வாசித்துக் காட்டுவது தனியாகக் குற்றமில்லை. ஆனால் "தராவிட்டால் பாகம் இரண்டு" என்று எழுதிவிட்டு அதை வெளியிட்டால், அந்த மெயில் வெறும் கோபப் பேச்சு என்று நான் எப்படி வாதாடுவது? மிரட்டியதைச் செய்தும் காட்டிவிட்டார் என்பார்கள். மேலும் ஒவ்வொரு புது வீடியோவும் ஒரு புது வெளியீடு. சிவில் அவதூறுக்கு ஓராண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், நீங்கள் புதிது புதிதாகப் போட்டால் அவர்களுக்குப் புதிது புதிதாக ஓராண்டு கிடைக்கும். கீழே வரும் கமென்ட்களில் நீங்கள் லைக் போட்ட வசவுகளை எல்லாம் பிரின்ட் எடுத்து, வன்மத்துக்குச் சான்று என்று வழக்கோடு இணைப்பார்கள்.

என் யோசனை உங்களுக்குப் பிடிக்காது: பேசி முடியுங்கள். ஆனால் போனில் அல்ல, அக்கவுண்ட் நம்பரில் அல்ல.

முதலில் வீடியோவைத் தனிப்பட்டதாக மாற்றுங்கள், அழிக்காதீர்கள். மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். டவுன்லோடு செய்து பரப்புங்கள் என்று சந்தாதாரர்களிடம் கேட்டிருந்தால், வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்து ஒரு வக்கீல் வழியாக நோட்டீஸுக்குப் பதில். அதில் குறைபாடு பற்றிய விவரங்கள் மட்டும், "தெரிந்தே" கிடையாது. ஈமெயிலில் கேட்ட தொகையைத் திரும்பப் பெறுகிறேன், என் கோரிக்கையை ஆணையத்தில் வைக்கிறேன் என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை நீங்கள் எழுதாதீர்கள். "மிரட்டியதற்கு மன்னிக்கவும்" என்று நல்ல மனதோடு எழுதி, அரசுத் தரப்புக்கு வாக்குமூலம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே கையோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். உங்கள் ஊரிலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. சமரசத்துக்கு அனுப்பும்படி அங்கேயே கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. அங்கே எழுதி, ஆணைய உத்தரவின்படி வரும் பணத்தை யாரும் பறித்த பணம் என்று சொல்ல முடியாது. நான் சுற்றி வளைத்துச் சொல்வது இதற்காகத்தான். விலை முழுவதும் திரும்பக் கிடைத்து, கொஞ்சம் செலவுத் தொகையும் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். மன உளைச்சலுக்கு ஆணையங்கள் பெரும்பாலும் ஆயிரங்களில்தான் தருகின்றன, 3 லட்சத்தை மறந்துவிடுங்கள். பதிலுக்கு அந்த ஒரு வாக்கியத்தை வெட்டித் தரலாம். வீடியோவில் சொன்னது அத்தனையும் பொய் என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். எதிர்காலத்தில் கம்பெனியைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்ற நிபந்தனையும் வேண்டாம். நோட்டீஸ் வாபஸ், ஈமெயில் தொடர்பாகப் புகார் எதுவும் நிலுவையில் இல்லை, இனியும் கொடுப்பதில்லை என்ற உறுதி, இரண்டும் எழுத்தில் வர வேண்டும்.

அவர்கள் சமரசத்துக்கு வராவிட்டால்? அப்போது உங்கள் வழக்கு ஒரு கேள்வியில் நிற்கும்: எஸ்எஸ்டியை மாற்றியது நீங்கள்தான் என்று அவர்கள் சொன்னால் என்ன செய்வீர்கள்? திறந்தவர் நீங்கள், ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறது. நல்லவேளையாக ஸ்க்ரீன்ஷாட் முதல் வாரத்தது, திறந்தது இரண்டாம் மாதம். அந்தத் தேதிகளைக் காட்டும் மூலக் கோப்புகளைத் தொடாதீர்கள், புதிய சாட்சியச் சட்டம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். எந்த லேப்டாப்பில் எந்த சீரியல் எண் எஸ்எஸ்டி பொருத்தப்பட்டது என்ற பதிவு உற்பத்தியாளரிடம் இருக்க வேண்டும். அதைக் கொண்டுவரச் சொல்லி ஆணையத்தில் மனுப் போடுங்கள். கொண்டுவராவிட்டால் அதுவே உங்களுக்குச் சாதகம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆகவே இனி அந்த லேப்டாப்பில் ஸ்க்ரூ டிரைவர் படக்கூடாது. பையில் போட்டு ஒட்டி வையுங்கள்.

இதற்கிடையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால், மரியாதையாக, நோட்டீஸை எழுத்தில் அனுப்புங்கள், வக்கீலோடு வருகிறேன் என்று சொல்லுங்கள். "சும்மா வந்து ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க தம்பி" என்று கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள்.