சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. கோபம் வந்தால் கையில் கிடைத்ததை உடைப்பான், என்னை அடிப்பான், பிறகு ‘செத்துப்போகிறேன்’ என்று அழுவான். ஒன்றரை வருடமாக மனநல மருத்துவரிடம் காட்டுகிறோம். கத்தி, மாத்திரைகளை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். சாவி சின்னவளிடம் இருக்கிறது, அவளிடம் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றாது. கணவர் வீடு திரும்ப இரவாகிவிடும். என் வளர்ப்பு சரியில்லை என்கிற உறவினர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: உறவினர்கள் கிடக்கட்டும். சின்னவளுக்கு என்ன வயது? மகனைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள் அதை எழுதவில்லை.

பூட்டியது சரி. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும் வாய்ப்பு அதிகம். அண்ணனின் உயிரை ஒரு சிறுமியின் பொறுப்பில் விட்டீர்களே, அதுதான் தவறு. ஒருநாள் அவன் சாவியைக் கண்டெடுத்துவிட்டால் அந்தப் பழியை ஆயுள் முழுக்கச் சுமக்கப் போவது அவள்தான். தொந்தரவு தராத பிள்ளை என்பதால் அவள் நன்றாக இருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட வீடுகளில் மற்றக் குழந்தைகள் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகிவிடுகிறார்கள். அதைச் சமர்த்து என்று பாராட்டும் பெற்றோர்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இன்றே சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். ‘இது அம்மா அப்பா வேலை, உன் வேலை இல்லை’ என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவன் வெடிக்கும்போது அவள் எங்கே போக வேண்டும், யார் வந்து அழைத்துப்போவார் என்பதை அமைதியான ஒரு நாளில் முடிவு செய்யுங்கள். பழி சொல்லும் உறவினர்களில் ஒருவரை அதற்குக் கேளுங்கள். அதுதான் அவர்களுக்கான பதில். அந்த நேரத்தில் அவனோடு வாதாட வேண்டாம். குரலைத் தாழ்த்தி, ஓரிரு சொற்களில் பேசுங்கள். ‘சாகிறேன்’ என்று சொன்னால் ஒவ்வொரு முறையும் அன்றைக்கே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

அடுத்தது உங்கள் கணவர். இரவில்தான் வருவார் என்று ஒரே வரியில் அவரை விட்டுவிட்டீர்கள். நான் விடமாட்டேன். சம்பாதித்துக் கொடுப்பதோடு தகப்பனின் கடமை முடிவதில்லை. இத்தகைய பிள்ளைகளை எப்படிக் கையாள்வது என்று பெற்றோரைப் பழக்குவதும் சிகிச்சையில் ஒரு பகுதி. ஒருவர் கண்டித்ததை இன்னொருவர் விட்டுக்கொடுத்தால் அது பலிக்காது. அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துப்போங்கள். வர மறுத்தால், என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். மகளின் வயதையும் சேர்த்து.