சிறிய கட்சி, நீண்ட பதவி

கேள்வி: பெரிய கட்சிகளுக்கு நடுவே, ஒரு சிறிய கட்சிக்காரர் உள்ளாட்சிப் பதவியில் நீண்டகாலம் நிலைத்து நின்றதுண்டா?

பதில்: உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சோசலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை, 24 ஆண்டுகள் தொடர்ந்து மேயராக இருந்தார். 1910-இல் நகர வழக்கறிஞர் பதவிக்கான தேர்தலில் வென்றவர் அவர். அதே ஆண்டில் மேயரான அவருடைய கட்சிக்காரர் எமில் சைடல், இரண்டு பெரிய கட்சிகளும் கைகோத்ததால் 1912-இல் தோற்றுப்போனார்.

ஹோனுக்கு நகர மன்றத்தில் பெரும்பாலான காலம் சொந்தக் கட்சியின் பெரும்பான்மை கிடையாது. ஆகவே கொள்கை முழக்கத்தைக் குறைத்துக்கொண்டு, கழிவுநீர்க் குழாய், பூங்கா, பொதுச் சுகாதாரம், ஒளிவுமறைவற்ற கணக்கு ஆகியவற்றில் அவர் கருத்தைச் செலுத்தினார். 1920-களின் தொடக்கத்தில், தொழிலாளர்கள் பங்கு வாங்கிக் குடியேறும் 'கார்டன் ஹோம்ஸ்' என்ற கூட்டுறவு வீட்டுத் திட்டத்துக்கும் நகராட்சி துணைநின்றது. வெளியூர்த் தோழர்கள் இவர்களைச் 'சாக்கடை சோசலிஸ்டுகள்' என்று கேலி செய்தார்கள். வாக்காளர்கள் கேட்டது அந்தச் சாக்கடையைத்தான் என்பது என் கணிப்பு.

1940-இல் கார்ல் சைட்லர் என்ற இளம் வழக்கறிஞரிடம் தோற்ற ஹோன், பின்னர் ஜனநாயகக் கட்சிக்குப் போய், 1944-இல் மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு அங்கும் வெற்றி பெறவில்லை. கட்சி மாறியது அவருக்கு உதவவில்லை. ஆனால் அவரைத் தோற்கடித்த கார்லின் தம்பி பிராங்க் சைட்லர், அதே சோசலிஸ்ட் கட்சிக்காரராக 1948-இல் மேயராகி, 1960 வரை அப்பதவியில் இருந்தார்.