நெய் தங்காத வயிற்றில் மாங்கொட்டை தங்கும்

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு. தோப்பு வீட்டில் கருப்பன் என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறான். எட்டு மாதம், 14 கிலோ. குட்டியிலிருந்தே கண்டதையும் தின்பான். ஜல்லிக்கல், மண், செருப்பு வார், சாக்கு நூல், எதையும் விடுவதில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் காய் பறிக்க வந்த ஆட்கள் சாப்பிட்டுப் போட்ட செந்தூரா கொட்டையை முழுசாக விழுங்கிவிட்டான். வாயில் கைவிட்டு எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் சாப்பிடுகிறான், ஓடுகிறான், வெளிக்குப் போகிறான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை காலையில் மஞ்சளாக வாந்தி எடுக்கிறான், அவ்வளவுதான். உப்புத் தண்ணீர் ஊற்றினால் கொட்டை வந்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். கால்சியம் குறைந்ததால்தான் கல்லைத் தின்கிறான் என்று மருந்துக் கடையில் டானிக் கொடுத்தார்கள். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

வாந்தி வரும் அளவுக்கு உப்பைக் கொடுத்தால் அது ரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்கும். நடுக்கம், வலிப்பு வரும், உயிரும் போகலாம். சரி, உப்பால் ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கொட்டை மேலே வருவது நல்லதில்லை. உள்ளே போகும்போது அது சதையோடு வழுக்கிக்கொண்டு போயிருக்கும். இந்த ஒன்பது நாளில் சதையெல்லாம் செரித்து, ஓடும் நாரும்தான் மிச்சம். திரும்பி வரும் வழியில் அது உணவுக் குழாயில், நெஞ்சுப் பகுதியில் மாட்டினால், வயிற்றில் இருப்பதை எடுப்பதைவிட அதை எடுப்பது பெரிய பாடு. விளக்கெண்ணெயும் வேண்டாம். அடைபட்ட குடலை விரட்டி வேலை வாங்கினால் கிழியும். எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குப் போனால் அது தனி வியாதி.

உங்கள் கடிதத்தில் கல்லும் செருப்பு வாரும் என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. ‘மஞ்சளாக வாந்தி, அவ்வளவுதான்’ என்று முடித்திருக்கிறீர்களே, அந்த இடம்தான் உறுத்துகிறது.

நாய் வயிற்றில் நெய் தங்காது என்பார்கள். மாங்கொட்டை தங்கும். வாரக்கணக்கில் தங்கும். நாயின் இரைப்பை அகலமான பை. அதிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் குறுகல். முழுக்கொட்டை அந்த வாசலில் நுழைய முடியாமல் பைக்குள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். வாசலிலிருந்து விலகிக் கிடக்கும் நாளில் நாய் சாப்பிடும், விளையாடும், வாலாட்டும். வாசலை வந்து அடைக்கும் நாளில் வாந்தி எடுக்கும். ஆகவே ஒருநாள் நன்றாக இருப்பதும் ஒருநாள் வாந்தி எடுப்பதும் ஆறுதலுக்கான அறிகுறி ஆகாது. வெறும் வயிற்றில் பித்தம் சுரந்தும் நாய்கள் காலையில் மஞ்சளாக வாந்தி எடுப்பதுண்டு, உண்மைதான். ஆனால் கொட்டையை விழுங்கியதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். அது வெளியே வந்ததைப் பார்த்தீர்களா? தோப்பில் அவன் எந்த மரத்தடிக்குப் போனான் என்று யாருக்குத் தெரியும். வந்ததைப் பார்க்காதவரை உள்ளேதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி விழுங்கியவை வெளியே போவதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒன்பது நாள் அதிகம்.

மே முதல் ஜூலை வரை நம் மாவட்டத்தில் கால்நடை மருத்துவர்களுக்கு இது மாங்கொட்டைக் காலம். தோப்பில் மட்டும் என்று நினைக்காதீர்கள். மாங்கூழ் ஆலைகளின் பின்பக்கம் குவியும் கழிவில், வீட்டுக் குப்பையில், பஸ் ஸ்டாண்டு பழக்கடைக்குப் பக்கத்தில், எல்லா இடத்திலும் கிடைக்கிறது. நாய்க்குக் கொட்டை மேல் ஆசை ஒன்றும் இல்லை. ஒட்டியிருக்கும் சதையை நக்க ஆரம்பிக்கும். யாராவது அதட்டினாலோ இன்னொரு நாய் பக்கத்தில் வந்தாலோ, பறிபோய்விடுமோ என்று ஒரே வாயில் விழுங்கிவிடும். மக்காச்சோளத் தக்கையும் இதே கதைதான். அதையும் இரைப்பை அமிலத்தால் கரைக்க முடியாது.

கொட்டை வயிற்றில் இருக்கும்வரை நமக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஒருநாள் அது எப்படியோ வாசலைத் தாண்டிக் குடலுக்குள் இறங்கி மாட்டிக்கொண்டால் அந்த அவகாசம் போய்விடும். மாட்டிய இடத்தில் குடல் சுவர் நசுங்கும், ரத்த ஓட்டம் நிற்கும், அந்தத் துண்டு அழுகி ஓட்டை விழும், வயிறு முழுக்கச் சீழ். இதெல்லாம் நடக்க இரண்டு மூன்று நாளே போதும். தண்ணீர் குடித்தாலும் வாந்தி, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருப்பது, முதுகை வளைத்து நிற்பது, முன்னங்காலைக் கீழே நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் கும்பிடுவது போல நிற்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது, முக்கியும் மலம் வராதது. இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

இப்போது அவன் ஓடியாடிக்கொண்டிருப்பதால் நாளைக் காலை வரை பொறுக்கலாம். அடுத்த வாரம் வரை பொறுக்க முடியாது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் ஜல்லி, ஆணி, எலும்பு எல்லாம் பளிச்சென்று தெரியும். மாங்கொட்டை, துணி, பிளாஸ்டிக் பல நேரம் தெரியாது. எனவே ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை’ என்று சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள், வயிற்று ஸ்கேனும் கேளுங்கள். எக்ஸ்ரேயில் கொட்டை தெரியாவிட்டாலும், அது குடலை அடைத்திருந்தால் அடைப்புக்கு மேல் காற்று உப்பி நிற்பது பெரும்பாலும் தெரியும். அதை வைத்தும் கண்டுபிடிக்கலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர் பக்கம் இருப்பவர்கள் பெங்களூருக்கும் போகலாம். இரைப்பையைத் திறந்து எடுப்பது பெரும்பாலும் நல்லபடியாக முடிகிற சிகிச்சை. அழுகிய குடலை வெட்டி ஒட்டுவது அப்படி இல்லை. செலவும் ஆபத்தும் அங்கேதான் ஏறுகிறது. நாளைக்கே போகச் சொல்லி நான் அவசரப்படுத்துவது இதனால்தான்.

சாக்கு நூலைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லைவிட நூலுக்குத்தான் நான் பயப்படுவேன். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ளும், மறுமுனையைக் குடல் இழுத்துக்கொண்டே போகும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிறதல்லவா, குடல் அப்படிச் சுருங்கும். பிறகு நூல் அறுக்க ஆரம்பிக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். தொங்கியபடியே கூட்டிக்கொண்டு போங்கள்.

இனி, ஏன் தின்கிறான் என்பது. கால்சியம் டானிக்கை மூடி வைத்துவிடுங்கள். கல் தின்னும் நாயைப் பார்த்தால் உடனே கால்சியம் என்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. நான் பார்த்தவரை அது காரணமாக இருப்பது அபூர்வம். வளரும் குட்டிக்கு அளவு மீறிக் கொடுத்தால் எலும்பு வளர்ச்சிதான் கெடும். பல் முளைக்கும் அரிப்பு என்று சொல்லவும் வயது தாண்டிவிட்டது. 28 பால் பல் விழுந்து 42 நிலைப்பல் வருவது ஏழு மாதத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும்.

நான் முதலில் பார்ப்பது ஈறு. உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ரோஜா நிறமாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ரத்தசோகை. மண் தின்னும் நாய்க்கு அது அடிக்கடி இருக்கும். ரத்தம் எங்கே போகிறது? குடலில் கொக்கிப்புழு உறிஞ்சும், வெளியே உண்ணி உறிஞ்சும், உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் உள்ளே ரத்தத்தை அழிக்கும். தோப்பு நாய்க்கு மூன்றும் சேர்ந்தே இருப்பதுண்டு. அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு எடைக்கு ஏற்ற குடற்புழு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உண்ணிக்கு மருந்து. ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனை. எவ்வளவு தின்றாலும் இளைத்துக்கொண்டே போய், மலம் குவியல் குவியலாக எண்ணெய்ப் பசையோடு வந்தால் கணையத்தைச் சந்தேகிப்போம். அது உங்கள் கருப்பனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்தது சாப்பாடு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நாய்க்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். களி, மிஞ்சிய குழம்பு, அல்லது தயிர்ச்சோறு. களியில் குற்றம் இல்லை, நானும் அதைத் தின்று வளர்ந்தவன்தான். வளரும் நாய்க்கு அதில் புரதம் போதாது. தினம் ஒரு வேகவைத்த முட்டையும், முடிந்த நாளில் எலும்பு நீக்கிய கோழிக்கறியும் களியோடு சேருங்கள். ஒரு வேளையை இரண்டு வேளையாகப் பிரியுங்கள். ராத்திரி ஒரு பங்கு வைத்தால், காலைப் பித்த வாந்தியும் சில நாய்களுக்கு நின்றுவிடும். குழம்பு ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் சின்ன வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் கல்லைக் கடிக்கும் நாய்கள் உண்டு. பகலெல்லாம் கட்டிப்போட்ட இளம் நாய் வேறு என்ன செய்யும்? காலையும் மாலையும் அரைமணி நேரம் நடக்க விடுங்கள். ஆட்கள் சாப்பிடும் இடத்தில் மூடி போட்ட டிரம் ஒன்று வையுங்கள், கொட்டை அதில்தான் விழ வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பறிப்பு முடியும்வரை, மாட்டுக்கு வாய்க்கூடு போடுவது போல நாய்க்கும் கூடை வாய்ப்பூட்டு போடலாம். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விட்டிருக்க வேண்டும். வாயில் எதையாவது கவ்வியிருந்தால் துரத்தாதீர்கள், துரத்தினால் விழுங்குவான். முட்டைத் துண்டைக் காட்டிக் கூப்பிடுங்கள். அவன் கீழே போட்டதும் முட்டையைக் கொடுங்கள். பத்து நாளில் பழகிவிடுவான். புல் மேய்வது, ஆட்டுப் புழுக்கை பொறுக்குவது இரண்டையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து, எலி மருந்து இரண்டையும் மட்டும் பூட்டி வையுங்கள். எலி மருந்தைத் தின்றுவிட்டான் என்று தெரிந்தால் அட்டைப்பெட்டியோடு ஓடி வாருங்கள். சில வகை எலி மருந்தில் ரத்தக்கசிவு தொடங்கவே மூன்று நான்கு நாள் ஆகும், அதுவரை நாய் நன்றாகத்தான் தெரியும்.

கடைசியாக, வாயில் கைவிட்டது. கருப்பன் குட்டியிலிருந்தே இப்படி, அதனால் அவனுக்கு வெறிநோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று கல், கட்டை, வைக்கோல் என்று விழுங்க ஆரம்பித்தால், முதலில் நினைக்க வேண்டியது வெறிநோய். குரைக்கும் குரல் மாறும், எச்சில் ஒழுகும், தாடை தொங்கும். பார்ப்பவர்களுக்குத் தொண்டையில் எலும்பு சிக்கியது போலவே இருக்கும். பாசத்தில் கைவிட்டுத் தேடுவார்கள். எலும்பு இருக்காது, எச்சிலில் கிருமி இருக்கும். நோய் தெரிந்த பிறகு மனிதனைக் காப்பாற்ற மருந்து இல்லை. அன்றைக்குக் கையில் பல் பட்டுக் கீறியிருந்தால், உடனே சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஊசிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லுங்கள். ஒன்பது நாள் கழித்தும் அவன் ஓடியாடுவது நல்ல சேதிதான், இருந்தாலும் அதை டாக்டர் சொல்லட்டும். கருப்பனுக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா என்று எழுதவில்லை. போடவில்லை என்றால் இந்த வயிற்றுப் பிரச்சினை முடிந்த கையோடு போட்டுவிடுங்கள், பிறகு ஆண்டுக்கு ஒன்று.

நாளைக்குக் கிளம்பும்போது காலைச் சாப்பாடு வைக்காதீர்கள். வெறும் வயிறாக இருந்தால் ஸ்கேனும் தெளிவாகத் தெரியும், மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தாலும் நல்லது. அப்புறம், அதே மரத்துப் பழத்தின் கொட்டை ஒன்றைக் கழுவிக் கையோடு எடுத்துப் போங்கள். திரையில் தெரிவது அதுதானா, அது கீழே இறங்க வழியிருக்கிறதா என்று பார்க்க டாக்டருக்கு அந்தக் கொட்டையின் அளவு உதவும்.