ஏற்காட்டில் மணமக்கள் படம்

கேள்வி: பங்குனியில் என் தங்கைக்குத் திருமணம். மணமக்களை ஏற்காட்டில் படமெடுக்க ஏற்ற இடம் எது? – வாசகி, அஸ்தம்பட்டி.

பதில்: எல்லோரும் லேடீஸ் சீட் என்னும் காட்சிமுனைக்கே போகிறார்கள், சேலம் நகரம் கீழே விரியும் காட்சி அழகுதான் என்றாலும், நண்பகல் மூட்டத்தில் அது வெளிறிவிடும், கூட்டமும் விலகாது. என் தேர்வு, சேர்வராயன் கோயில் அமைந்துள்ள, சுமார் 1,620 மீட்டர் உயரப் புல்வெளி மேடு: அங்கு மரங்கள் மறைக்காததால், காலை 7 மணியின் சாய்ந்த ஒளி பட்டுச் சேலையின் சரிகையில் நேராக விழும். காற்று பலமாக வீசும், முந்தானைக்குக் கூடுதல் ஊசிகள் வேண்டும். கோடை மழை முன்னதாகப் பெய்திருந்தால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் காப்பிச் செடிகள் மல்லிகை போல வெள்ளையாகப் பூக்கும். சில நாட்களே நிற்கும் அந்தப் பூக்களுக்காகத் தோட்டக்காரரிடம் முன்பே அனுமதி பெறுங்கள். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், ஒப்பனையை மேலே போய்ச் செய்துகொள்ளட்டும்.